ஐயா கிணற்றின் வரைபு

திரும்பத் திரும்பச் செய்யும் வேலை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் ஒரு சொல்லைப் பிழையாக எழுதினால் அதையே நூறு தடவை எழுதச் சொல்லுவார்கள். நான் இரண்டு பேனைகளைச் சேர்த்துக் கட்டி எழுதிக் கொண்டுபோனவன். அப்பா அதைக் கண்டு சிரித்தாரே தவிர அடிக்கவில்லை. ஆகவே நீர்த் திட்டத்தில் என்னைத் தரவுகளுக்குப் பொறுப்பாகப் போட்டபோது, நான் செய்த முதல் வேலை, ஒரே காரியத்தைக் கணினியே திரும்பத் திரும்பச் செய்ய ஒரு லூப் எழுதியது. நீங்கள் கேட்டது அந்த வரைபுகளைப் பற்றி என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் கனகரத்தினம் பார்த்தீபன். அரியாலையில் வாடகை வீட்டில் மனைவி நிவேதனாவோடும் எட்டு மாத மகளோடும் இருக்கிறேன். பிறந்து வளர்ந்த வீடு பருத்தித்துறைப் பக்கம். அங்கே அப்பா தனியாக இருக்கிறார். சனி ஞாயிறுகளில் நாங்கள் போய் வருவோம்.

எங்கள் திட்டம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருபத்துநான்கு கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் தண்ணீர் எடுத்து, அதில் நைத்திரேற்று எவ்வளவு இருக்கிறது என்று அளந்தது. அது தோட்டத்துக்குப் போடும் யூரியாவிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் நிலத்தடி நீருக்கு இறங்கும் உப்பு. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. ஒரு லீற்றரில் ஐம்பது மில்லிகிராம் வரை இருந்தால் குடிக்கலாம் என்பது கணக்கு. அதற்கு மேலே போனாலும் பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. கைக்குழந்தைகளுக்குத்தான் கூடாது. இரத்தம் மூச்சுக்காற்றைக் காவிச் செல்ல மாட்டாமல் போய்விடும். இதையெல்லாம் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குப் படிப்பித்தார்கள். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

எனக்கு முன்பு இருந்தவர் ஒவ்வொரு கிணற்றுக்கும் கையால் ஒவ்வொரு வரைபாகக் கீறி வைத்திருந்தார். ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று உயரம், ஒன்று கட்டை. நான் எழுதிய லூப் ஒரு கிணற்றின் கோப்பைத் திறக்கும், அளவுகளை வாசிக்கும், கோடு கீறும், ஐம்பதில் ஒரு சிவப்புக் கோடு போடும், மேலே கிணற்றின் பெயரை எழுதிச் சேமித்துவிட்டு அடுத்த கிணற்றுக்குப் போகும். ஒரு பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். திட்டப் பொறுப்பாளர் அருந்ததி எனக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, இனிமேல் எல்லா மாவட்டத்துக்கும் இதையே பாவிப்போம் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு கிணற்றுக்கு என்ன முறையோ அதுதான் மற்றக் கிணற்றுக்கும். லூப்புக்கு ஆள் பார்க்கத் தெரியாது என்று நான்தான் அன்றைக்கு அவருக்குச் சொன்னேன்.

ஒரேயொரு சிக்கல் இருந்தது. கணினியை அதன்பாட்டில் விட்டால், ஒவ்வொரு வரைபின் நிலைக்குத்து அச்சையும் அந்தந்தக் கிணற்றுக்கு ஏற்றபடி அது நீட்டிக் குறுக்கிக்கொள்ளும். எட்டு மில்லிகிராம் உள்ள கிணறும் நாற்பத்தெட்டு உள்ள கிணறும் பார்வைக்கு ஒரே மாதிரித் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டுமானால் எல்லா வரைபுக்கும் ஒரே அச்சு வேண்டும். இது நான் கண்டுபிடித்த தந்திரம் இல்லை, இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வது. நான் அச்சின் மேல் எல்லையை அறுபது என்று வைத்தேன். பாதுகாப்பு எல்லை ஐம்பது, அதற்கு மேலே கொஞ்சம் இடம். யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், நியாயமான தெரிவு என்றுதான் சொல்லுவார்கள்.

அப்படி வைத்தபோது இருபத்துமூன்று கிணறுகளின் கோடுகளும் சட்டத்துக்குள் அழகாக விழுந்தன. இரண்டு கிணறுகளின் கோடு சிவப்புக் கோட்டைக் கொஞ்சம் தாண்டியது. ஒன்றில் மட்டும் கோடு இல்லை. பெயர் இருந்தது, சிவப்புக் கோடு இருந்தது, மாதங்களின் பெயர்கள் இருந்தன. நடுவில் வெள்ளையாக இருந்தது. அந்தக் கிணற்றின் அளவுகள் எல்லாமே அறுபதுக்கு மேலே இருந்ததால் கோடு சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. ஆகக் குறைந்த அளவு அறுபத்துநான்கு. மாரிமழை பெய்து முடிந்த மாதத்தில் நூற்று நாற்பத்தொன்று.

அந்தக் கிணறு என் அப்பாவின் கிணறு.

அதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. கரையிலுள்ள மீன்பிடிக் குடும்பங்கள் அதை ஐயா கிணறு என்பார்கள். கடலிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில், எங்கள் வெங்காயத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. கரையில் வெட்டிய கிணறெல்லாம் உவர். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் அங்கத்தைய பெண்கள் குடத்தோடு உள்ளூருக்கு வந்து, யாராவது வீட்டுக்காரர் அள்ளி ஊற்றும்வரை ஒதுங்கி நிற்க வேண்டும். கயிற்றைத் தொடக்கூடாது. ஏன் தொடக்கூடாது என்று நான் உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் கதைக்காத விசயம்.

எனக்கு அப்போது ஏழு வயது. சண்டை நேரம். தண்ணீர்ப் பவுசரும் வராமல் போன ஒரு காலை, கத்தரீனா அக்கா இடுப்பில் குழந்தையோடும் கையில் குடத்தோடும் எங்கள் வாசல் படலைக்கு வந்து நின்றா. அப்பா வெங்காயப் பாத்திக்குள் நின்றார். கை முழுக்கச் சேறு.

"நீயே அள்ளு பிள்ளை," என்றார்.

கத்தரீனா அக்கா நம்பவில்லை. அப்பா திரும்பவும் சொன்னார். அவ அள்ளி முடித்த பிறகு, குழந்தையையும் குடத்தையும் எப்படி ஒன்றாகக் கொண்டுபோவாய் என்று கேட்டுவிட்டு, தானே அந்தக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு கரைவரை நடந்து, அவவின் வீட்டு அடுப்படியில் இறக்கிவிட்டு வந்தார். அதன் பிறகு அப்பாவின் தம்பி, சின்னையா பொன்னம்பலம், எங்கள் வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அம்மாவின் செத்தவீட்டுக்கும் படலையோடு நின்றுவிட்டுப் போனார். சொந்தக்காரர் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அப்பா கிணற்றுக்கு இரண்டாவது கப்பியும் கயிறும் வாங்கிப் போட்டார்.

அந்த நாளிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. கரையில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும், தாயும் பிள்ளையும் ஆசுபத்திரியால் வீட்டுக்கு வரும் அன்றைக்கு முதல் குடம் தண்ணீரை அப்பாவே கொண்டுபோய் இறக்குவார். அதற்கென்று ஒரு பித்தளைக் குடம் வைத்திருக்கிறார். அது வந்து இறங்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அப்பாவின் வாழ்க்கையில் மிச்சமெல்லாம் வெங்காயமும் மழையும்தான். அவர் செய்த ஒரே பெரிய காரியம் இது. அதற்காக அவர் கொடுத்த விலையை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

இப்போது கணினித் திரையில் நூற்று நாற்பத்தொன்று என்று நின்றது. காரணம் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. கிணற்றைச் சுற்றி எங்களுடைய பாத்திகள். அப்பா யூரியாவை அளந்து போடுகிறவர் இல்லை, அள்ளி வீசுகிறவர். கரைக்குத் தண்ணீர் கொடுத்த கையும் யூரியா வீசின கையும் ஒன்றுதான். இது வெளியே தெரிந்தால் சின்னையா என்ன சொல்லுவார் என்று எனக்கு அப்போதே காதில் கேட்டது. அதைவிட, அப்பாவின் முகம் எப்படி மாறும் என்று யோசித்தேன். அவருக்கு எண்பத்தொரு வயது.

நான் ஒரு இலக்கத்தையும் மாற்றவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லா அளவுகளும் அறிக்கையின் கடைசி இணைப்பில் அட்டவணையாக அப்படியே இருக்கின்றன. கடைசி இணைப்பை யாரும் புரட்டுவதில்லை என்பது என்னுடைய பிழை இல்லை.

அருந்ததி மட்டும் ஒருமுறை அந்த வெள்ளைச் சட்டத்தைக் காட்டி, இதில் ஏன் ஒன்றும் இல்லை என்று கேட்டார். அந்தக் கிணற்றின் மாதிரிகளைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கிறது, பிறகு சேர்த்துவிடுகிறேன் என்று சொன்னேன். அவருக்கு என்னில் நம்பிக்கை. சிவப்புக் கோட்டைத் தாண்டிய இரண்டு கிணறுகளுக்கும் எச்சரிக்கைப் பலகை போடச் சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அந்த இரண்டில் ஒன்று அளவெட்டியில் கனகாம்பிகை என்ற ஒரு அம்மாவின் வீட்டுக் கிணறு. பலகையை நானே கொண்டுபோய்க் கட்டினேன். ஐம்பத்துமூன்றுதான் இருந்தது. அவ அழுதா. முப்பது வருசமாக அயலெல்லாம் குடிக்கிற தண்ணீர், இனி என்னை என்ன நினைப்பினம் என்று கேட்டா. நான் கதிரையில் உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொன்னேன். பெரிய ஆட்கள் குடிக்கலாம், ஆனால் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க மட்டும் வேண்டாம் என்றேன். கொதிக்க வைத்தால் போகாதா என்று கேட்டா. போகாது அம்மா, தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் கூடும் என்று விளங்கப்படுத்தினேன். அவ விளங்கிக்கொண்டா. என் வேலையை நன்றாகச் செய்தேன் என்ற திருப்தியோடு மோட்டச்சைக்கிளில் திரும்பி வந்தது ஞாபகம் இருக்கிறது.

பிறகு கூட்டம். எல்லா வரைபுகளையும் ஒரே பெரிய தாளில் அச்சடித்து, கரையிலுள்ள கடற்றொழிலாளர் சங்க மண்டபத்தில் தொங்கவிட்டோம். நிறையப் பேர் வந்திருந்தார்கள், அருந்ததி மட்டும் வரவில்லை. சங்கத் தலைவர் அருட்பிரகாசம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சட்டமாகப் பார்த்து வந்தார். சிவப்புக் கோட்டைத் தாண்டினால் கூடாது என்று நான் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன். ஐயா கிணறு என்று எழுதியிருந்த சட்டத்துக்கு முன்னால் நின்று விரலால் தட்டினார்.

"தம்பி, எங்கடை கிணத்திலை ஒண்டுமே இல்லைப் போலை. கோடே விழேல்லை."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கத்தரீனா அக்காவும் இருந்தா. அவவின் மகன் ஜெரிசனும், வயிற்றில் பிள்ளையோடு அவனுடைய மனைவி டிலக்‌ஷியும் முன்வரிசையில் இருந்தார்கள். அன்றைக்கு எங்கள் படலைக்கு இடுப்பில் வந்த குழந்தை இந்த ஜெரிசன்தான். அப்பா சுமந்த முதல் குடம் அவனுக்குத்தான்.

"ஓம்," என்றேன்.

அந்த ஒரு சொல்தான். மண்டபத்தில் சந்தோசமாக ஒரு சலசலப்பு எழுந்தது. ஐயாவின் தண்ணீரைக் குடித்தால் நாக்குக்கே தெரியுமே, இதற்கு மெசின் எதற்கு என்று அருட்பிரகாசம் சொன்னார். கரையில் தண்ணீரை நாக்கால்தான் அளப்பார்கள். உவர்த்தால் கூடாது, இனித்தால் நல்லது. அந்தக் கிணற்றுத் தண்ணீர் உண்மையிலேயே இனிக்கும். நான் அதைக் குடித்து வளர்ந்தவன். அவர்கள் அன்று சந்தோசப்பட்டதைப் பார்க்க எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

டிலக்‌ஷிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவர்கள் ஆசுபத்திரியால் வந்த அன்று சனிக்கிழமை. அப்பாவுக்கு இப்போது முழங்கால் ஏலாது, குடம் தூக்க முடியாது. என்னைக் கூப்பிட்டு, பித்தளைக் குடத்தைக் காட்டி, கத்தரீனாவின் பேரப்பிள்ளைக்கு நீ கொண்டுபோய்க் குடு என்றார். நான் அள்ளினேன். தோளில் வைத்துக்கொண்டு கரைவரை நடந்தேன். நடக்கும்போது குடத்தை எங்காவது ஊற்றிவிட்டுக் கடையில் போத்தல் தண்ணீர் வாங்கி நிரப்பினால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. வழியில் இரண்டு கடைகள் இருந்தன. இரண்டையும் தாண்டிப் போனேன். வழியில் ஆட்கள் நின்று கும்பிட்டார்கள். குடத்தைத்தான் கும்பிட்டார்கள்.

டிலக்‌ஷிக்குக் காய்ச்சல், பால் சுரக்கவில்லை, பால்மாதான் கொடுக்கிறோம் என்று கத்தரீனா அக்கா சொன்னா. நான் குடத்தை அடுப்படியில் இறக்கினேன். ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது.

"கொதிக்க வைச்சு, ஆறவைச்சுக் குடுங்கோ, அக்கா," என்றேன்.

அளவெட்டியில் நான் சொன்னது எனக்கு மறந்து போகவில்லை. கொதிக்க வைத்தால் கூடும் என்று தெரிந்துதான் அதைச் சொன்னேன். அக்கறையுள்ள மனிதன் சொல்லுகிற வசனம் அது, வாயில் தானாக வந்தது. சொன்ன பிறகு எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது. டிலக்‌ஷி கவனமான பெண். நான் சொன்னபடியே ஒவ்வொரு வேளையும் நன்றாக, நீண்ட நேரம் கொதிக்க வைத்தாளாம்.

நிவேதனாவை நீங்கள் விசாரித்திருப்பீர்கள். அவள் சொன்னது உண்மை. அந்த மாதங்களில் அப்பாவின் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மகளுக்கென்று அரியாலையிலிருந்து பெரிய போத்தலில் தண்ணீர் நிரப்பி நான்தான் கொண்டுபோவேன். முதல் தடவை அவள் சிரித்தாள். ஊரே வந்து அள்ளுகிற கிணற்றை வைத்துக்கொண்டு இதென்ன கூத்து என்று கேட்டாள். பிள்ளைக்குத் தண்ணீர் மாறக்கூடாது என்று சொன்னேன். எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்லுவதுதான், அவளும் ஒத்துக்கொண்டாள். இதை வைத்துத்தான் எனக்கு முன்பே தெரியும் என்று நீங்கள் முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். சரியான முடிவு. ஒரு தகப்பன் தன் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதில் குற்றம் இல்லை என்று நான் பலநாள் எனக்குள்ளேயே வாதாடியிருக்கிறேன். அந்த வாதத்தில் ஒருநாளும் வெல்லவில்லை.

மாரிமழை விட்ட பிறகு ஒரு மத்தியானம் ஜெரிசன் தொலைபேசி எடுத்தான். நான் அலுவலகத்தில் இருந்தேன். குழந்தையின் உதடும் நகமும் நீலமாகிவிட்டன, ஆசுபத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்றான். மூச்சு வாங்கியபடி கதைத்தான்.

"பார்த்தி அண்ணை, டொக்டர் இதயத்திலை ஏதும் ஓட்டை இருக்கலாம் எண்டு சந்தேகப்படுறார். என்ன தண்ணியிலை பால் கரைச்சனீங்கள் எண்டும் கேக்கிறார். ஐயாவின்ரை கிணத்துத் தண்ணி எண்டு சொன்னனான். அதிலை ஏதும் இருக்குமோ?"

நான் உங்களுக்கு முதல் வாக்குமூலத்தில் இந்த அழைப்பைப் பற்றிச் சொல்லவில்லை. ஜெரிசனும் சொல்லியிருக்க மாட்டான். அவனுக்கு அது முக்கியமாகப் பட்டிருக்காது, ஏனென்றால் நான் சொன்ன பதில் அப்படி. அந்த மருத்துவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். அவரில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர்தான் காரணம் என்று தெரிந்தால் அதற்கு மருந்து இருக்கிறது. ஊசியில் ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பும். இதையும் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள்.

எனக்கு முன்னால் திரை திறந்தே இருந்தது.

"அதிலை ஒண்டும் இல்லை, ஜெரிசன். நீயும் படத்திலை பாத்தனிதானே," என்றேன்.

அவன் தொலைபேசியைக் கொஞ்சம் விலக்கி, தண்ணி சரியாம், அளந்து பாத்தவையாம் என்று யாருக்கோ சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு என்னிடம், பெரிய உதவி அண்ணை என்று சொல்லிவிட்டு வைத்தான். இதயத்தைப் பார்ப்பதற்காகக் குழந்தையை அம்புலன்சில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். வழியிலேயே போய்விட்டது. பிரேத பரிசோதனையில் இரத்தம் கபில நிறமாக இருந்ததைக் கண்டபிறகுதான் தண்ணீரைப் பற்றித் திரும்ப யோசித்தார்கள், அதன் பிறகுதான் இந்த விசாரணை உங்களிடம் வந்தது.

செத்தவீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியாது. டிலக்‌ஷி ஒரு மூலையில் இருந்து, என்ரை பாலைக் குடுத்திருந்தால் பிள்ளை தப்பியிருக்கும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது முழு உண்மை. அந்த வீட்டில் அது உண்மை என்று தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைப் பிள்ளை, மனதைத் தேற்றிக்கொள் என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையை இப்போதும் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மகளைத் தூக்கும்போதெல்லாம் கூசுகிறது.

அறுபது என்ற எண்ணைப் பற்றி மேலே ஒரு விளக்கம் எழுதினேன். அதைத் திருத்த வேண்டும். நான் முதலில் வைத்த எல்லை இருநூறு. அப்போது எல்லாக் கிணறும் சட்டத்துக்குள் வந்தன, அப்பாவின் கிணறு மற்ற எல்லாவற்றுக்கும் மேலே தனியாக நின்றது. நூற்றைம்பதாகக் குறைத்தேன், முழுக்கோடும் தெரிந்தது. நூற்றிருபதில் உச்சி வெட்டுப்பட்டது. நூறில் பாதிக் கோடு மிஞ்சியது. பாதிக் கோடு தெரிந்தால் மிச்சப் பாதி எங்கே என்று யாராவது கேட்பார்கள். எண்பதில் கோடை மாதங்களின் சின்னத் துண்டு ஒன்று சட்டத்தின் மேல் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு எண்ணை மாற்றிவிட்டு லூப்பை ஓடவிட்டேன். இருபத்துநான்கு கிணறுகளும் புதிதாகக் கீறப்பட்டு வந்தன. நான் ஒரு கிணற்றை மட்டும் பார்த்தேன். ஒன்றும் மிஞ்சாத முதல் எண் அறுபது. லூப்புக்கு ஆள் பார்க்கத் தெரியாது என்று சொன்னேன் அல்லவா, அதற்குப் பதிலாக நான் பார்த்தேன்.

இப்போது எல்லையை மீண்டும் இருநூறாக மாற்றி வரைபை எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒரு எண்ணை மாற்ற ஒரு விநாடி போதுமாக இருந்தது. டிலக்‌ஷியின் குழந்தை என்னால் செத்தது. கவனயீனத்தால் இல்லை. தெரிந்து, யோசித்து, பொருத்தமான எண்ணைத் தேடிப் பிடித்துச் செய்தேன். ஆசுபத்திரியிலிருந்து கேட்டபோது காப்பாற்ற இருந்த கடைசி வழியையும் நானே அடைத்தேன். என்ன தண்டனை தந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன், குறைக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும் இருக்கிறது. அது எனக்காக இல்லை.

அப்பாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. குழந்தை இதய வருத்தத்தில் போனது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். செத்தவீட்டுக்குப் போக ஏலாமல் கட்டிலில் இருந்து அழுதார். ஜெரிசனின் தங்கை லவீனாவுக்கு வருகிற மாதம் பேறுகாலம். போன ஞாயிறு நான் போனபோது, அப்பா புளி போட்டுக் குடத்தை மினுக்கி முற்றத்து வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார். அந்த வீட்டுக்கு இந்த முறையாவது நல்ல காலம் வரட்டும் என்றார். அவருடைய நெஞ்சும் இப்போது பலமில்லை, வைத்தியரே அதிக நாள் சொல்லவில்லை. அந்தக் கிணற்றடியில் எச்சரிக்கைப் பலகை வைத்தால் கரை முழுவதும் ஒரே நாளில் விசயம் தெரிந்துவிடும். அவர் கண்ணை மூடும்வரை அந்தப் பலகையை மட்டும் கொஞ்சம் பிற்போட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். நல்லது செய்து வாழ்ந்த மனிதன், அந்த நினைப்போடேயே போகட்டும்.

அதுவரைக்கும் கரையில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. லவீனாவின் வீட்டுக்கு முதலில் போகிறேன். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவைத்துக் கொடுக்கும்படி வீடு வீடாக நானே போய்ச் சொல்லுகிறேன்.